தெர்சாவும் வில்மட் ஓடையும்

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டில் எங்கள் பண்ணைக்கு அடுத்தது ஜேபஸ் ஹன்னஃபோர்டின் பண்ணை. அவனுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள் தெர்சா. மூத்த தாரம் வில்மட், கல்யாணமான மறுவருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். தெர்சா அவளைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவள் பெயரைக் கேட்காமல் ஒரு நாளும் கழிந்ததில்லை. மேலே சதுப்பில் ஊறி, பாறைகளுக்கிடையே அவர்கள் வாசலுக்கு இறங்கி வரும் ஓடைக்கும் வில்மட் என்றே பெயர்.

"மேல வில்மட் வரைக்கும் போய் ஆட்டைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று ஜேபஸ் தொப்பியை எடுப்பான்.

"போ, போ. காத்துக்கிட்டிருப்பா" என்பாள் தெர்சா.

அவன் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். அதில்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

வாசலில் ஓடை ஓட, அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு சரிவிறங்கி எங்கள் கிணற்றுக்கு வருவாள். "அவ பேரு வச்ச தண்ணியில போட்ட டீ எனக்கு உள்ள எறங்காது அக்கா."

ஒரு கோடையில் வரைபடம் போடுகிறவர்கள் வந்தார்கள். எந்த ஓடைக்கு என்ன பெயர் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். அதிகாரி தெர்சாவைக் கேட்டபோது நானும் அங்கே நின்றிருந்தேன்.

"கருப்போடை" என்றாள், கண் இமைக்காமல்.

புல் அறுத்துவிட்டு அரிவாளோடு வந்த ஜேபஸின் காதில் அது விழுந்தது. "கருப்போடையா? வில்மட் ஓடைங்க அது. எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலேர்ந்து அதான் பேரு."

தெர்சா சட்டென்று திரும்பினாள். "உன் மொதப் பொண்டாட்டி பேரு இல்லையா?"

"அவ பொறக்கறதுக்கு முன்னாடியே ஓடை ஓடிச்சே! வில்மட்னு ஒருத்தன், அந்த ஓடை மணல்ல வெள்ளீயம் அலசி எடுத்துக்கிட்டிருந்தான். இடுப்பு வரைக்கும் தாடியாம்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏண்டி, இத்தனை வருஷமா ஒரு தாடிக்காரனை நெனச்சா வயிறெரிஞ்சே?"

அவள் சிரிக்கவில்லை. "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள் அவனிடம்.

"நீ கேக்கலையே."

அதிகாரி வில்மட் என்றே எழுதிக்கொண்டு போனார். ஜேபஸ் உள்ளே போனதும் தெர்சா என் கையைப் பிடித்தாள். "தாடிக்காரன் பேரைச் சொல்றப்ப எந்த ஆம்பளைக்காவது கொரல் தழையுமா அக்கா? அவன் சொல்றப்ப கேட்டுப் பாரு."

நான் கேட்டிருக்கிறேன். தழையத்தான் செய்யும்.

மறுநாள் காலை அவளே கம்பை எடுத்து நாயைக் கூப்பிட்டாள். "மேல மேயற ஆட்டை இனிமே நான் பாத்துக்கறேன்." மழையிலும் பனியிலும் அவள்தான் ஏறினாள். ஜேபஸைக் கீழ்ப்புல்வெளியோடு நிறுத்திவிட்டாள்.

தலை நரைத்தபின் ஒரு நாள், நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "வில்மட் பக்கம் போயி எவ்வளவு காலமாச்சு" என்றான் ஜேபஸ், மெதுவாக.

"தண்ணி நல்லாத்தான் ஓடுது" என்று அவன் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கைத் தள்ளினாள் தெர்சா. "நீ சாப்பிடு."