பெயின்ட் வாளியில் ஓர் இன்சுலின் செடி

நேற்றுக் காலையில் எதிர்வீட்டம்மா ஒரு இலையைக் கழுவாமல்கூட நீட்டினார். "உங்களுக்குச் சக்கரை ஆரம்பிச்சிருக்குதாமே? இத மென்னு பாருங்க. யூடியூப்ல போட்டிருக்கறாங்க." மரியாதைக்காக வாயில் போட்டேன். அந்தப் புளிப்பு நாக்கில் பட்டதும் வாசலுக்கு ஓடித் துப்பினேன். அந்தம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்த இலை என்றாலே எனக்கு அழுகல் நாற்றம்தான் நினைவுக்கு வரும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

காலேஜ் முடித்து வேலை கிடைக்காத நாட்களில், பக்கத்திலிருந்த எங்கள் ஊர் வல்லத்திலிருந்து பஸ் ஏறி வந்து, செஞ்சியில் ஷமீம் அக்காவின் தையல் கடையில் ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பழைய பெயின்ட் வாளி, அதில் இன்சுலின் செடி. பார்க்க அழகுதான், பொய் சொல்லக்கூடாது. தண்டைச் சுற்றிச் சுற்றிப் படிக்கட்டு மாதிரி இலைகள் ஏறும். அடிப்பக்கம் லேசான ஊதா. எப்போதாவது ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூ.

அழகுக்கு வைத்த செடியை ஊரே மருந்தாக்கிவிட்டது. சக்கரைக்கு என்றார்கள், கல்லடைப்புக்கு என்றார்கள். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிறவர்கள்கூட, கடை வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஆளுக்கொரு இலை கிள்ளினார்கள். மென்ற சக்கையை வாளியிலேயே துப்பினார்கள். அந்த எச்சில்மேல் நத்தை ஊரும். நத்தை ஊர்ந்த இலையை அடுத்த ஆள் வாயில் போடுவார். எனக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மனசு வராது.

அக்காவுக்கும் சக்கரை இருந்தது. மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது என்று நிறுத்திவிட்டு, தினமும் வெறும் வயிற்றில் இலையைத் தின்றார்.

"ரெண்டையும் சாப்புடுங்கக்கா."

"போடி. நீ படிச்சது பி.காமுக்கா, டாக்டருக்கா?"

நான் படித்தது பி.காம்தான்.

ஒரு மழைக்காலத்தில் கடைக்குள் நாற்றம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று துணி மூட்டைகளை எல்லாம் புரட்டினேன். பக்கத்து பேக்கரிக்காரரிடம் போய், உங்கள் கடை எலிதான் என்று சண்டையும் போட்டேன். அக்காவும் மூக்கைச் சுளித்தபடி ஊதுபத்தி ஏற்றினார். கடைசியில் விளக்குமாற்றோடு மெஷினுக்கு அடியில் குனிந்தேன்.

மிதிக்கட்டையில் அக்காவின் கால் ஆடிக்கொண்டிருந்தது. விரலிடுக்கில் ஈ. பெருவிரலுக்குக் கீழே உடைந்த தையல் ஊசி ஒன்று ஏறியிருந்தது. சுற்றிலும் கறுத்து, சீழ் வழிந்து மிதிக்கட்டையில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

"அக்கா, கால் வலிக்கலியா?"

"இன்னாடி கால்?" என்றார், மெஷினை நிறுத்தாமலே.

அங்கேயே வாந்தி எடுத்தேன். அக்கா பதறிக் காலைத் தூக்கிப் பார்த்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப எலி நான்தானா?"

விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். "எலய வேணும்னா தின்னுங்க. மாத்திரய ஏன் நிறுத்துனீங்க? சக்கர ஏறி, ஊசி குத்துனதுகூடத் தெரியாம காலு மரத்துப்போச்சு பாருங்க" என்று டாக்டர் சத்தம் போட்டார்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக, "அதப் புடுங்கி எறி" என்றார். ஆத்திரத்தில் தண்டுகளைத் துண்டு துண்டாக முறித்துப் பின்பக்கச் சாக்கடை ஓரத்தில் வீசினேன். அடுத்த மழைக்கு அத்தனை துண்டும் வேர்விட்டு, அந்தக் கறுப்புச் சேற்றில் கொழுகொழுவென்று நின்றன. அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"பாரேன்டி. முறிச்சுப் போட்டாலும் இது மொளச்சிக்குது. என் வெரலு மட்டும் மொளக்க மாட்டேங்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

மெஷினுக்கு மோட்டார் வைத்துச் சில வருஷம் தைத்தார். பிறகு போய்ச் சேர்ந்தார். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். சாக்கடையைச் சிமென்ட் போட்டு மூடிவிட்டார்கள். எனக்கு அக்கா அளவே எடுத்ததில்லை. ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஜாக்கெட் வெட்டுவார், அப்படியே பொருந்தும். இப்போதெல்லாம் ரெடிமேட்தான் வாங்குகிறேன். தோளில் நிற்பதே இல்லை.