மீனுக்கு ஒரு கேன் தண்ணீர்

வால் அழுகுவது அடிச்சதையைத் தொடும்வரைதான் எனக்கு நேரம் இருந்தது. துடுப்பழுகலில் பாக்டீரியா வாலை விளிம்பிலிருந்து தின்றுகொண்டே வரும். சதைக்குள் போய்விட்டால் வாலும் முளைக்காது, மீனும் மிஞ்சாது. தலையில் சிவப்புக் கொண்டை வைத்த எங்கள் தங்கமீனுக்குப் பாதி வால் ஏற்கெனவே போயிருந்தது.

மீன் கடையில் கொடுத்த மஞ்சள் பொடியைத் தனி வாளியில் கரைத்து, அதில் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அளவைக் கூட்டலாமா என்று கம்பெனி டீ டயத்தில் போனை நோண்டியபோதுதான் புரிந்தது: தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓசூர் போர் தண்ணீரில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? எங்கள் வாளிகளுக்கு உள்பக்கம் வெள்ளை அடித்த மாதிரி இருக்கும். இத்தனை நாள் நான் வைத்தியம் பார்த்தது சுண்ணாம்புக்கு.

அன்றிலிருந்து பாதி போர் தண்ணீர், பாதி கேன் தண்ணீர். தினமும் மாற்ற வேண்டும்.

“நாங்க குடிக்கிற தண்ணியில அது குளிக்கணுமா?” என்றாள் அம்மா. “கொண்டைக்காரிக்கு அப்படியே ஒரு ஏசியும் போட்டுடு.”

மாடி வீட்டுத் தெலுங்கு அக்கா படியில் நின்ற காலி கேன்களைப் பார்த்துவிட்டு, “இன்னா பாப்பா, வூட்ல விசேஷமா?” என்றார்.

வால் அழுகுவது மெதுவானது போலிருந்தது. போலிருந்தது என்றுதான் சொல்ல முடியும். ஓயாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் நாம் விரும்புவதுதான் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் மாதாந்திரப் பராமரிப்பு நாள் வந்தது. சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. கேன் போடுகிறவர், “மோட்டாரே ஓடல, தண்ணிக்கு நான் எங்க போவேன்? நாளைக்குப் பாக்கலாம்மா” என்றார். நாளை வரை தாங்க அந்த வாலில் இடம் இல்லை. மீன் வாளியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. லீவு சொல்லிவிட்டு, காற்றுக்குப் பேட்டரி பம்பைப் போட்டுவிட்டு, ஸ்கூட்டரில் கால் நடுவே காலி கேனோடு எல்லை தாண்டினேன். கர்நாடகப் பக்கம் கரண்ட் இருந்தது. காசு போட்டால் தண்ணீர் ஊற்றும் மெஷின் இருந்தது. அதன் முன்னால் வரிசையும் இருந்தது.

எனக்கு முன்னால் குடத்தோடு நின்ற அம்மாள், தமிழ்நாட்டு வண்டி நம்பரைப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில், இவ்வளவு தூரம் யாருக்காக என்று கேட்டார். மீனுக்கு, உடம்பு சரியில்லை என்றேன். அதை அவர் வரிசைக்கே அறிவித்தார். பின்னாலிருந்து ஒருவர் தமிழில், “தண்ணியிலயே கெடந்தா சளி புடிக்காதா? வெளிய எடுத்து வெயில்ல வைம்மா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டேதான் குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

திரும்பும்போது லாரிகளுக்கு நடுவே ஒவ்வொரு வேகத்தடையிலும் கேன் முட்டியை இடித்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டே ஓட்டினேன்.

வீட்டில் அம்மா வாளி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். குவளையில் தண்ணீரை மொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கி, டீ ஆற்றுவதுபோல் ஊற்றிக்கொண்டிருந்தாள். புடவையெல்லாம் மஞ்சள் கறை.

“உன் பேட்டரி நீ போனதுமே நின்னுபோச்சு. காத்து இல்லன்னா செத்துடும்னு சொன்னியே, அதான் ஆத்துறேன். கையே கழண்டுடுச்சு.” மறுபடி ஊற்றினாள். “பாரு, இப்பதான் நல்லா நீந்துது.”

கேனை வைத்துவிட்டுக் குனிந்தேன். தண்ணீர் விழும்போது மீன் அசைந்தது. விழுவது நின்றதும் அதுவும் நின்றது. செவுள் அசையவே இல்லை.

“குடும்மா, நான் ஆத்துறேன்.”

குவளையைக் கொடுத்துவிட்டு, கையை உதறிக்கொண்டு, அம்மா வாளியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் நிறுத்தினால் அவளுக்குத் தெரிந்துவிடும். மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன்.