சாப்பிட்ட சூட்டை மறக்காத புழு

இன்று புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குப் போகும் பஸ்ஸில், மாலை வகுப்பில் படிப்பிக்க வேண்டிய ஒரு புழுவைப் பற்றிப் போனில் வாசித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட்டில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு உம்மா எட்டிப் பார்த்தார். "என்ன மகள், புழுவையா பாக்குறீங்க?"

"ஓம் உம்மா. மண்ணுல இருக்கிற சின்னப் புழு. மண் எந்தளவு சூடா இருந்தப்ப சாப்பாடு கிடைச்சதோ, அந்தச் சூட்ட இதுட தலையில உள்ள நரம்பு ஞாபகம் வெச்சிருக்கும். பிறகு அந்தச் சூடு இருக்கிற பக்கமே தேடிப் போகும்."

"அப்ப அது என்ட மகன்தான்," என்றார்.

கலியாணம் முடித்ததிலிருந்து மகன் கற்பிட்டியில் மாமியார் வீட்டோடு இருக்கிறாராம். இப்போதெல்லாம் உம்மா வீட்டுப் பக்கமே வருவதில்லையாம். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் உம்மா இன்று போகிறாராம்.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "பட்டினி கிடந்த சூடெண்டா, அந்தப் பக்கம் போகவே போகாது உம்மா," என்றேன்.

அவர் முகம் மாறியது.

"பெருநாளைக்கு மகனும் மருமகளும் வந்தாங்க. இருந்த கோவத்துல, சாப்பிடுங்கண்டு ஒரு வார்த்த சொல்லல்ல," என்றார் மெல்ல.

பிறகு போனை எடுத்தார். "மகன், நாளைக்கு மருமகளையும் கூட்டிக்கிட்டு வாங்க. இறால் ஆக்குறன்."

அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, திரும்பிப் போக எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

மாலையில் இதே பாடத்துக்கு என் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

புழு பழைய சூட்டை மறந்து புதியதைப் பழகச் சில மணித்தியாலம் போதுமாம். மருமகளுக்கு எவ்வளவு காலம் எடுக்கும்? அனுபவம் உள்ளவர்கள் கீழே சொல்லுங்கள்.