முதல் காரணத்தோடு நிறுத்தியது

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அப்பாவின் கால்விரல் சர்க்கரைப் புண்ணால் கறுத்திருந்தது. சாயங்காலத்துக்குள் விரலை எடுக்கச் சம்மதிக்காவிட்டால் காலே போய்விடும் என்றார் டாக்டர். அப்பா மாட்டேன் என்றார். ஏன் சம்மதிக்க வேண்டும் என்று நான் ஆறு காரணங்களை எண் போட்டு எழுதி, மூச்சுவிடாமல் மூன்று முறை வாசித்துக் காட்டினேன். சர்ச்சில் நீண்ட ஜெபத்துக்கு மூடுவதுபோல அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒனக்க ஜெபம் முடிஞ்சுதா மக்கா? எனக்கு அம்பூரி மலையில ரப்பரு பாலு வெட்டு உண்டு."

தாளை மடித்தேன். "அப்பா, விரல எடுக்கலேன்னா கால எடுப்பாவ."

அதோடு நிறுத்தினேன். நாக்கில் வந்த அடுத்த காரணத்தை விழுங்கிவிட்டு மனதுக்குள் இருபதுவரை எண்ணினேன்.

அப்பா போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார்.

"விரலு போனா மலை ஏறலாமா?"

"ஏறலாம்ப்பா." மறுபடியும் காத்திருந்தேன்.

"எங்க ஒப்பு போடணும்?"