பச்சைத் தண்ணியும் தோணி ஆணியும்

மூணாம் வகுப்போட படிப்பை விட்ட நான்தான் அரிசி ஆலை கட்டினேன், கல்முனையில ரெண்டு கடை போட்டேன், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுகூடமும் கட்டிக் குடுத்தேன். போன கிழமை அங்க போனால், அன்னபேதி எண்ட இரும்பு உப்பைக் கரைச்ச போத்தலுக்குள்ள ஓர் ஆணி கிடக்குது.

"கொஞ்சம் அமிலமும் ஆணியும் இருந்தாத்தான் ஹாஜியார், இது கலங்காமப் பச்சையா நிக்கும்," எண்டா டீச்சர்.

மூடியைத் திறந்ததும் சின்ன வயசில மணந்த அதே புளிச்ச இரும்பு வாடை. எனக்கு இருப்புக் கொள்ளல்ல.

மருதமுனையில வாப்பா நூலுக்குக் கறுப்புச் சாயம் போடுவார். சாடியில கரைச்ச அன்னபேதித் தண்ணி கொஞ்ச நாளிலயே பழுப்பாக் கலங்கி, நூல் திட்டுத் திட்டாப் போகும். ஒருக்கா என்ட அண்ணன், நானா, அதுக்குள்ள தேசிக்காய்ப் புளி பிழிஞ்சார். நான் தோணிக்காரர் தந்த துருப்பிடிச்ச ஆணிகளை மினுங்க வைக்க அதுக்குள்ளயே போட்டேன். பெருநாள் வரைக்கும் தண்ணி பச்சைக் கண்ணாடி மாதிரி நிண்டுது.

"மூத்தவன்ட மூளையப் பாருங்க!" எண்டார் வாப்பா.

"வாப்பா, ஆணி போட்டது நான்!"

"ஓம், நீ சோத்துக்குள்ளயும் ஆணி போடுவாய். போடா!"

நானா இப்ப நிந்தவூரில. பேரப் பிள்ளைகளுக்கு இன்னும் அந்தத் தேசிக்காய்ப் புதினம்தான் சொல்றார். நானா, தேசிக்காய் உங்கட, ஆணி என்ட. இனிமேல் கதைக்கக்குள்ள அதையும் சேர்த்துக் கதைங்க.