ஒரு வளைவுக்கு மூன்று பக்கங்கள்

எழுபதுகளின் பிற்பாதியில் ஈப்போவில், சாலைகளைக் கவனிக்கும் ஓர் அரசு அலுவலகத்தில் பதிவு எழுத்தராக இருந்தேன். சாலை விபத்துகளைப் பற்றிப் போலீஸ்காரர்கள் நிரப்பிய பாரங்கள் வாரத்துக்கு ஒரு கட்டாக வரும். அவற்றைப் பிரித்து இடம், நேரம், வாகனம், அடிபட்டவர், காரணம் என்று கோடு போட்ட பெரிய நோட்டில் ஏற்றுவது என் வேலை. அந்த நோட்டைப் பொதுமக்கள் கேட்டுப் பார்க்கலாம் என்று சுவரில் மலாய் மொழியில் ஓர் அறிவிப்பு இருந்தது. யாரும் வந்து கேட்டதில்லை.

நடந்து போனவர்கள் அடிபட்டால் காரணத்துக்கான கட்டத்தில் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் வரும்: கவனக்குறைவு. பாரத்தில் இருந்ததை அப்படியே எழுதுவேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்காமலே கை எழுதிக்கொண்டு போகும். சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி கிடைத்தவள் நான். கேள்வி கேட்கும் எண்ணமே எனக்கு வந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஓர் அக்கா வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

"தமிழ் பேசுவீங்களா தங்கச்சி?"

"பேசுவேன் லா. உக்காருங்கக்கா."

அவர் வீட்டுக்காரரை லகாட் போகும் சாலையில் ஒரு மணல் லோரி அடித்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து வீட்டில் படுத்திருந்தார். போலீஸ் கொடுத்த நகலை யாரோ அக்காவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"கவனமில்லாம ரோட்ட கடந்தாருன்னு எழுதியிருக்காமே. அவரு குடிக்க மாட்டாரு. ரெண்டு பக்கமும் பாத்துத்தான் போவாரு. அந்த வளைவுல பாத்தாலும் லோரி தெரியாது. அவருக்கு முன்னாடியே அங்க ஆளுங்க அடிபட்டிருக்காங்க. எல்லாருமா கவனமில்லாம போனாங்க? ஒங்க புக்குல பாருங்க."

அந்த நகலில் இடம் ஏழாவது கிலோமீட்டர் என்று இருந்தது; நோட்டில் அதற்கான பக்கத்தைத் திருப்பினேன். ஒரே ஒரு வரி இருந்தது.

"இங்க ஒங்க வீட்டுக்காரரு மட்டுந்தான்க்கா இருக்காரு."

அவர் சண்டை போடவில்லை. "எங்க பக்கத்து வீட்டம்மா தைப்பூசம் முடிஞ்சி அதே எடத்துல செத்துப்போச்சி. நாந்தான் குளிப்பாட்டினேன். அது புக்குல இல்லியா?"

அடுத்த வாரம் வரச் சொன்னேன். "வாரேன்," என்று எழுந்து போனார்.

அன்று மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். அந்தப் பக்கத்து வீட்டம்மா இருந்தார், ஆனால் 'நாலரை மைல்' என்ற பக்கத்தில். மைல்கற்களைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கற்களை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஜனங்கள் மைலைக் 'கட்டை' என்பார்கள்; அவர்களுக்கு இன்னும் எல்லாம் கட்டைக் கணக்குத்தான். அந்த இடத்துக்கு நாலரைக் கட்டை என்றுதான் பெயர். பழைய போலீஸ்காரர்கள் மைலில் எழுதினார்கள், புதியவர்கள் கிலோமீட்டரில். இரண்டும் தெரியாதவர்கள் 'காப்பிக்கடைக்கு எதிரே' என்று எழுதினார்கள். நானும் பாரத்தில் இருந்தபடியே மூன்றையும் மூன்று இடங்களாக நினைத்து, தனித்தனிப் பக்கங்களில் ஏற்றியிருந்தேன். ஒரே வளைவு. பிரித்து வைத்தது என் கை.

பிளான் வரையும் பிரிவில் ஹுத்தான் மெலிந்தாங் ஊர்க்காரரான ஓர் அண்ணன் இருந்தார். அதிகம் பேச மாட்டார். அவரிடம் கேட்டு அந்தச் சாலையின் பிளான் ஒன்றை வாங்கி, அட்டையில் ஒட்டி, நோட்டிலிருந்த ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு குண்டூசி குத்தினேன். சாலை நெடுக அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த ஊசிகள் அந்த வளைவில் மட்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. அண்ணன் வந்து பார்த்தார்.

"இத்தன நாளா இது தெரியலியா?"

"தெரியலண்ணே."

நேரத்தையும் எழுதிப் பார்த்தோம். பெரும்பாலும் விடியும் வேளை, இல்லையென்றால் பொழுது சாயும் வேளை. அது ஏன் என்பதை அடுத்த வாரம் அக்காதான் சொன்னார். அவர்கள் இருந்த தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதும் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை விட்டு வந்த குடும்பங்கள் சாலைக்கு ஒரு பக்கம் பலகை வீடுகள் கட்டிக் குடியேறியிருந்தன. ஃபேக்டரி பஸ் நிற்பது மறுபக்கம், வளைவு முடியும் இடத்தில்.

அட்டையை எடுத்துக்கொண்டு பொறியாளரிடம் போனேன். மரியாதையானவர். நல்ல வேலை என்றார், வைத்துவிட்டுப் போகச் சொன்னார், கூட்டத்தில் பேசுவதாகச் சொன்னார். மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது கூட்டம் தள்ளிப்போயிருந்தது. பிறகு அவருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவரிடம் முதலிலிருந்து சொன்னேன். அவர் அட்டையைக் கேட்டார். தேடினால் அலமாரிக்குப் பின்னால் கிடந்தது, பாதி ஊசிகளைக் காணோம். மறுபடியும் நோட்டைப் பார்த்துக் குத்தினேன். குத்தும்போது புதிதாகவும் சில சேர்ந்திருந்தன.

இப்படியே வருஷங்கள் போய் எண்பதுகள் வந்துவிட்டன. அக்கா சில மாதங்களுக்கு ஒருமுறை வருவார்.

"என்னா சொல்றாங்க?"

"பாக்குறோம்னு சொல்றாங்கக்கா."

"ம்."

அதற்கு மேல் கேட்க மாட்டார். வீட்டுக்காரரால் நெடுநேரம் நிற்க முடியாததால் அக்காவே ஃபேக்டரி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். தினமும் அதே வளைவைக் கடந்துதான் போனார். அவர் வரத் தாமதமான மாதங்களில் விபத்து பாரங்களைப் பிரிக்கும்போது முதலில் பெயர்களைத்தான் பார்ப்பேன்.

கடைசியில் ஜனங்கள் கடப்பதற்கென்று சாலையில் வெள்ளைக் கோடு போட்டார்கள். ஆனால் வளைவில் போடக்கூடாது என்பது விதியாம். அதனால் அதைத் தாண்டி, சாலை நேராகும் இடத்தில், புதிதாகக் கட்டிய கடைவரிசைக்கு முன்னால் போட்டார்கள். ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். கோடுகள் பளிச்சென்று இருந்தன. அதில் ஒருவரும் நடக்கவில்லை.

"அங்க போயி கடந்து, திரும்பி இங்க வாரதுக்குள்ள பஸ்ஸு போயிரும் தங்கச்சி," என்றார் அக்கா. குறை சொல்லும் குரல் இல்லை அது. விஷயத்தைச் சொன்னார், அவ்வளவுதான்.

விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. அண்ணன்தான், "விழுந்தவங்கள எண்ணிட்ட. நடக்குறவங்கள யாரு எண்ணுனா?" என்று கேட்டார். அது என் மனதில் தங்கிவிட்டது. ஒரு வாரம் விடுப்பு எடுத்து, விடியும் முன்பே முதல் பஸ் பிடித்துப் போய் வளைவில் நின்றேன். அக்காவின் மகள் கடைவரிசைக்கு முன்னால் நின்றாள். யார் எங்கே கடக்கிறார்கள் என்று ஆளுக்கொரு கோடு இழுத்தோம். என் தாள் நிரம்பி, பின்பக்கத்துக்கும் போனது. அவள் தாளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூட இல்லை.

அண்ணன் அதைப் படமாக வரைந்துகொடுத்தார். அடியில் ஒரு வரி மட்டும் எழுதினேன்: ஜனங்கள் பஸ் நிற்கும் இடத்துக்குத்தான் போவார்கள், ஆகவே பஸ் நிற்கும் இடத்தை மாற்றவும்.

பொறியாளர் அதை இரண்டு முறை படித்தார். "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று மலாயில் கேட்டார். எனக்கு அது முதலில் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன்.

சில வாரங்களில் இரண்டு தொழிலாளர்கள் வந்து நிறுத்தத்தின் கம்பத்தைப் பிடுங்கி, தகரக் கூரையைக் கழற்றி, கோட்டுக்குப் பக்கத்தில் நட்டுவிட்டுப் போனார்கள். ஒரு காலை நேரத்து வேலை. இதற்காகவா இத்தனை வருஷம் என்று நினைத்தபோது சந்தோஷத்தைவிட அசதிதான் வந்தது. அன்று வீட்டுக்குப் போய்ச் சமைக்காமல் படுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த வளைவுக்கு ஒரே பக்கம்தான் வைத்திருந்தேன். வரிகள் குறைந்தன. அடியோடு நிற்கவில்லை, பழக்கத்தில் வளைவிலேயே கடந்த ஒரு பெரியவரை அடுத்த மழைக்காலத்தில் லோரி அடித்தது. மற்ற சாலைகளுக்கும் இப்படிச் செய்து தரும்படி பொறியாளர் பழைய கட்டுகளை என் மேசைக்கு அனுப்பினார். வேலை நேரம் முடிந்த பிறகுதான் செய்ய முடிந்தது. சிலவற்றில் ஏதோ நடந்தது, பலவற்றில் எதுவுமே நடக்கவில்லை.

நிறுத்தம் மாறிய பிறகு அக்கா ஒருமுறை வந்தார். இப்போது எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

"பயமில்ல," என்றார். "நடக்கத்தான் தூரமா இருக்கு. எட்டு மணி நேரம் நின்னுட்டு வாரோம் பாருங்க, காலு வீங்கிப்போவுது."

இன்னொரு நாற்காலியை இழுத்து, கால் நீட்டிக்கொள்ள அவர் முன்னால் போட்டேன். ஆபீஸ் பையனைக் காப்பி வாங்கிவரச் சொன்னேன். இருவரும் குடித்தோம்.