ஏழுமலைக்கு விற்ற சீட்டிங் டப்பா

வீடியோ கேம் கடைக்கு ஜெயிக்க வழி கேட்டு யாரும் வருவதில்லை; தோற்காமல் இருக்க வழி கேட்டுத்தான் வருவார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் அப்படி ஒரு கடை வைத்திருந்தேன். எது எதோடு சேரும் என்று தெரியாமலே ஒரு பொருளை விற்றுவிட்டு, வாங்கியவர் தூரத்தில் வருவதைப் பார்த்ததும் கவுண்டருக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

சேராத பின்

கற்பகம் என்கிற அம்மா திருவிடந்தையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் கடைக்கும் வருவார். அவர் கணவர் ஏழுமலை பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்து வலது கை விரல்கள் மடங்கிவிட்டன. அசைத்துக்கொண்டே இருந்தால் விரல்கள் திரும்பும், விட்டால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரப்பர் பந்தைக் கொடுத்தால் மனுஷன் தூக்கி எறிந்தார். டிவி கேமை மட்டும் தொட்டார். ஆனால் அவர் பட்டனை அமுக்குவதற்குள் திரையில் துப்பாக்கியோடு ஓடுகிற ஆள் செத்துவிடுவான். உடனே கையிலிருந்த ரிமோட்டும் பறக்கும். ஆள் சாகாமல் இருக்க ஏதாவது உண்டா என்று கேட்டார் கற்பகம்.

இருந்தது. மகாபலிபுரத்தில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன டப்பா. கேம் செட்டுக்கும் அதில் போடும் கேசட்டுக்கும் நடுவில் அதைச் செருகி, கூட வரும் புத்தகத்தில் உள்ள ரகசிய எழுத்துகளைப் போட்டால் ஆளுக்கு உயிர் குறையாது. நாங்கள் சீட்டிங் டப்பா என்போம். செருகிக்கூடப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தேன். அது வெளிநாட்டு செட்டுக்கானது, செருகும் பல்வரிசையில் எழுபத்திரண்டு பின். நம்மூரில் விற்ற செட்டுகளில் அறுபதுதான், உள்ளே போகாது. அடுத்த ஆஸ்பத்திரி நாளில் கற்பகம் டப்பாவைத் திருப்பி வைத்தார். "டப்பாவ ஒத்தக் கையால செட்டுல அமுக்கி அமுக்கிப் பாத்தாருண்ணா. தன் கையிலதான் தெம்பு இல்லன்னு நெனச்சிகினு அழுதுட்டாரு."

எதிரிக்குப் போன உயிர்

அதைக் கேட்டதும் கடையைப் பூட்டினேன். சென்னையில் ஒரு நாள் முழுக்க அலைந்து பின் கணக்கை மாற்றித் தரும் இரண்டு கன்வெர்ட்டர் வாங்கினேன். ஒன்று கீழே செட்டோடு சேர, இன்னொன்று மேலே கேசட்டைச் செருக. பஸ் பிடித்து நானே திருவிடந்தை போய் மாட்டினேன். ஒன்றின்மேல் ஒன்றாக முழம் உயரத்துக்கு நின்றது. பக்கத்தில் யாராவது நடந்தாலே படம் ஆடியது.

புத்தகத்தைப் பார்த்து எழுத்துகளைப் போட்டேன். அந்தப் புத்தகம் வெளிநாட்டுக் கேசட்டுக்கு எழுதியது. நம்மிடம் இருந்ததோ ஜப்பான் கேசட்டின் நகல். எழுத்துகள் உள்ளே போய் வேறெங்கோ கைவைத்துவிட்டன. எத்தனை குண்டு பட்டாலும் எதிரிகள் சாகவில்லை. நம் ஆள் மட்டும் ஒழுங்காகச் செத்தான். ஏழுமலை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா தலைவா, எமனுக்குப் போயி சாகாவரம் குடுத்துட்டியே!"

சரியான எழுத்துகள்

விடவில்லை நான். டப்பா, கன்வெர்ட்டர், கேசட் எல்லாவற்றையும் கடைக்குக் கொண்டுவந்து, எழுத்துகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டு இரண்டு வாரம் உட்கார்ந்தேன். ஒருநாள் ஆள் செத்தான், அதே இடத்தில் எழுந்தான், உயிர்க் கணக்கு குறையவேயில்லை. ஏதோ சாதித்துவிட்டவன்போல எழுத்துகளைக் கொட்டை கொட்டையாக எழுதி, டப்பாவோடு கற்பகத்திடம் கொடுத்தனுப்பினேன். அதன்பின் கற்பகம் கடைக்கு வரவில்லை. கை தேறிவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முதல் வாரம் ஏழுமலை நன்றாகத்தான் ஆடினாராம். பிறகு, பட்டனைத் தொடாவிட்டாலும் ஆள் தானாக எழுந்துகொள்கிறான் என்று கண்டுகொண்டார். ரிமோட் மடியில், கை அதன் பக்கத்தில். "முன்ன அவன் செத்துடுவான்னு இவரு வெரலு துடிக்கும்ணா. இப்ப அவன் சாவறான், எழுந்துக்கிறான். இவரு சும்மா பாத்துகினு கீறாரு."

கழற்றிய நாள்

மறுநாளே போனேன். டப்பாவைக் கழற்றி, வெறும் கேசட்டைச் செருகி, "சும்மா ஆடுங்கண்ணே" என்றேன். கட்டைவிரல் பட்டன்வரை வந்தது, அமுக்க வரவில்லை. மூன்று உயிரும் ஒரு நிமிஷத்தில் போய்விட்டன. தூக்கி எறிவார் என்று காத்திருந்தேன். எறியவில்லை. ரிமோட்டை மெதுவாகப் பாய்மேல் வைத்தார். அவருக்குக் கோபம் வராததைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. கதவோரம் நின்ற கற்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்ப மாட்டித் தரட்டுமா என்று உளறினேன். ஏழுமலை மறுத்துத் தலையாட்டினார். "வேணாம் தலைவா. அவனையாச்சும் நிம்மதியா சாவ வுடு."

அத்தனை வருஷ வியாபாரத்தில் சொன்னது சொன்னபடி வேலை செய்த ஒரே சரக்கை வெட்கத்தோடு திருப்பி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினவன் நான்.